கண், புரோகிராம், பத்து மணி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒன்றோடொன்று ஒட்டியிருந்த அணுக்களைப் பிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டுகளை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அம்மா லேப்டாப்பைத் திறந்தாள். திரையில், மைக்ராஸ்கோப் வழியாக எடுத்த ரத்தத் துளியின் படம். வெளிர் ரோஜா நிறத்தில் சிவப்பணுக்கள் நிறைந்து கிடந்தன. இடையிடையே கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளணுக்கள். வெள்ளணுக்களை எண்ண அவளே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அது நாலு என்றது. நான் எண்ணினேன். ஏழு.

"மூணு எங்க போச்சு வாத்தியாரம்மா?" என்றாள். பாடம் கேட்கும்போது மட்டும் எனக்கு அந்தப் பெயர்.

ஒட்டிக்கொண்டிருப்பவற்றையெல்லாம் புரோகிராம் ஒரே அணுவாக எண்ணுகிறது என்று சொன்னேன். பிரிப்பதற்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

"ஓரத்தை உரிச்சிக்கிட்டே வாம்மா, வெங்காயம் மாதிரி. சுத்தி ஒரு பிக்சல், அப்புறம் இன்னொரு பிக்சல். ஒட்டிக்கிட்டிருக்கிறது எங்கயாவது ஒரு இடத்துல விட்டுப்போகும். விட்டதும் எண்ணு."

பத்து நிமிட வேலை. நான்தான் தட்டினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைச் சற்றுத் திருப்பி, ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருந்தாள். கவனிக்கவில்லை என்று எனக்கு எரிச்சல். அணு எது, பின்னணி எது என்று பிரிக்க ஓர் எல்லை எண் வேண்டும். அதைவிடக் கறுப்பாக இருப்பது அணு, வெளுப்பாக இருப்பது பின்னணி. அந்த எண்ணை எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டாள்.

"உன் கண்ணுக்கு எது சரியாத் தெரியுதோ அதை வை" என்றேன்.

நானே ஓர் எண்ணைப் போட்டு மறுபடி ஓட்டினேன். ஏழு என்று வந்தது.

"அப்ப இத்தனை நாள் எண்ணினதெல்லாம்?"

"எங்கெல்லாம் ஒட்டியிருந்துச்சோ அங்கெல்லாம் கொறைச்சுதான் சொல்லியிருக்கும். பயிற்சிப் படம்தானே, விடும்மா."

எனக்கு நாலு மணிக்கு பஸ். தட்டுகளைக் கழுவக்கூட நிற்கவில்லை.

ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு வாரை மாட்டக் குனிந்த அம்மா எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். வயது ஐம்பத்தேழு.

அவை பயிற்சிப் படங்கள் இல்லை. அம்மாவின் இரண்டு கண்களிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் தெரியாது. பத்தொன்பது மாதம் அதை வீட்டிலும் சொல்லாமல், வேலையிலும் சொல்லாமல், தினமும் மைக்ராஸ்கோப்பின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். கண் பார்க்க வேண்டியதைப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாள். ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம் இருந்தது. அதுவரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

*

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. முதல் அறையில் டோக்கன் கொடுக்கும் மேசையும் ஆறு நாற்காலிகளும். உள்ளறையில் மைக்ராஸ்கோப், சாயப் புட்டிகள், கைகழுவும் தொட்டி, வெயில் கூசாமலிருக்க வெள்ளைப் பெயின்ட் பூசிய ஜன்னல். கீழேயிருந்து நாள் முழுக்கப் பல் துளைக்கும் சத்தம் வரும். முப்பத்தொரு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டவளுக்கு, ஒரு பல் வலித்தபோதுகூட அங்கே இறங்கிப்போகத் துணிச்சல் வரவில்லை. வேறு டாக்டரைத் தேடிப் போனாள்.

சாதாரணமாக வரும் ரத்தத்தை மெஷினே எண்ணிவிடும். மெஷின் சந்தேகப்பட்டுக் குறிபோட்டவையும், மாதம் ஒருமுறை வெளியே நடத்தும் இலவச முகாமிலிருந்து வருபவையும் கண்ணால் பார்க்க வேண்டியவை. ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடு என்னும் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, இடம் இடமாக நகர்த்தி எண்ணி, ஓர் இடத்துக்குச் சராசரி எத்தனை என்று கணக்கிடுவார்கள். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதலில் பார்த்தவர் தன் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி மடித்துக் காலி கையுறைப் பெட்டியில் போட்டுவிடுவார். இரண்டாமவர் அதைப் பிரிக்காமல் தானும் எண்ணி எழுதிப் போடுவார். சாயங்காலம் டாக்டர் இரண்டு சீட்டையும் பிரிப்பார். ஒத்துப்போனால் ரிப்போர்ட். போகாவிட்டால் மறுபடி எண்ண வேண்டும்.

முதல் சீட்டு அம்மாவுடையது. இரண்டாவது சீட்டு 'பத்து மணி'யுடையது. ஒன்பதரைக்கு வரவேண்டிய வேலைக்கு இருபது வருடமாகச் சரியாகப் பத்து மணிக்கு வருகிறவர் என்பதால் அந்தப் பெயர். அம்மாதான் வைத்தாள். அவருக்குத் தெரியும். அவர் வீட்டாருக்கும் தெரியும்.

அவர்களோடு முன்பு இன்னொரு அக்கா வேலை பார்த்தார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் வெளியறைக்கு மாற்றினார்கள். ஒரே வாரத்தில் 'டோக்கன் அக்கா' ஆகிவிட்டார். அம்மா அன்று வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இருபத்தஞ்சு வருஷம் ரத்தத்தைப் பாத்தவங்க. இப்ப 'அடுத்து யாரு, அடுத்து யாரு'ன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். உட்கார்ந்தே செய்கிற வேலைதானே, அதில் என்ன குறைச்சல், நானும் முப்பது வருடம் உட்கார்ந்துதான் இருந்தேன் என்றார். அம்மா அவரை முறைத்தாள். அந்தக் காலத்தில் அவளால் நேராக முறைக்க முடிந்தது.

*

புரோகிராம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அம்மா போனில் சொன்னபோது நான் சிரித்தேன். இணையத்தில் இலவசப் பாடம் இருக்கிறதாம், படத்தை எண்ணாக்கி வேலை செய்வது எப்படி என்று சொல்லித்தருகிறார்களாம், பொழுது போகவில்லையாம். பொழுது போகவில்லை என்று அம்மா சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படங்களோடு வேலை செய்வதுதான் என் பிழைப்பும். பாட்டில் மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் புரோகிராம் எழுதுகிறேன். மணிக்குப் பன்னிரண்டாயிரம் மூடி. ஒரு கீறலையும் விட்டதில்லை.

அம்மா கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். படம் என்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். பூஜ்யம் என்றால் கறுப்பு, இருநூற்று ஐம்பத்தைந்து என்றால் வெள்ளை, நடுவிலுள்ளதெல்லாம் சாம்பல். இதைக் கேட்டதும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் தன் சட்டைப் பொத்தானைக் கையாலேயே எண்களாக எழுதிப் பார்த்தாள். அப்பா எட்டிப்பார்த்துவிட்டு என்னிடம் போனில் புகார் செய்தார்: "உங்கம்மா கட்டம் கட்டமா நம்பர் எழுதிக்கிட்டிருக்கா. ஜோசியம் ஏதும் ஆரம்பிச்சிட்டாளான்னு கேளு."

முதல் மாதம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அழைத்தாள். படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் வெளிச்சமான இடமெல்லாம் இருட்டாகிறதாம்.

"எவ்வளவு கூட்டின?"

"அறுபது."

அதில் எல்லோரும் ஒருமுறை விழுவார்கள். ஒரு கட்டத்தில் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் இடமில்லை. இருநூற்று முப்பதோடு அறுபதைக் கூட்டினால், உச்சியைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு முப்பத்து நாலில் வந்து நிற்கும். நான் பாதி சொல்லும்போதே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வேலையில் அவள் கையில் ஓர் எண்ணும் கருவி இருக்கும். ஓர் அணுவுக்கு ஒரு தட்டு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் தட்டினால் மூன்று பூஜ்யம் வந்துவிடும். "அதே கதைதானே" என்றாள். என் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இது புரிய அரைநாள் ஆகும்.

படத்தில் தூசிப்புள்ளிகளை நீக்குவது அடுத்த பாடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றியுள்ளவற்றைச் சேர்த்து ஒன்பது எண்களை எடுத்துச் சராசரி போடலாம். அல்லது ஒன்பதையும் வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுக்கலாம். எது மேல் என்று நான் கேட்டேன். யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"சராசரி எடுத்தா ஒரு திருடன் சுத்தியிருக்கிற எட்டுப் பேரையும் கொஞ்சம் கொஞ்சம் திருடனாக்கிடறான். வரிசையில நிறுத்தி அஞ்சாவது ஆளைக் கூப்பிட்டா, திருடன் கடைசியில நிப்பான், யாரும் அவனைக் கேக்கவே வேண்டாம்."

எட்டாவது பாடத்தில் அவளை நாலு நாள் ஒரு தவறு படுத்தியது. தூசி நீக்கினால் படம் கீழ்ப்பக்கமாக வலதில் இழுத்துப் பூசியதுபோல் ஆகிறது. நான் வேலை நெருக்கடியில் இருந்தேன். அப்புறம் பார்க்கிறேன் என்றேன். அவள் கட்ட நோட்டை எடுத்து, பென்சிலும் ரப்பருமாக ஒவ்வொரு எண்ணையும் அழித்து எழுதிப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது கட்டத்தில் பிடிபட்டுவிட்டது. படிக்கிற பக்கத்திலேயே திருத்தி எழுதிக்கொண்டு போனால், அடுத்த கட்டம் படிப்பது பழைய எண்ணை இல்லை, திருத்திய எண்ணை. தனித் தாளில் எழுத வேண்டும். "சீட்டு மாதிரி" என்றாள் என்னிடம். "மொதல்ல எண்ணினவர் சீட்டைப் பாத்துட்டு எண்ணினா ரெண்டாவது எண்ணிக்கைக்கு என்ன மரியாதை?"

பிறகு மைக்ராஸ்கோப்பின் கண்குழாயில் போனைப் பொருத்தி அசையாமல் படமெடுக்க ஒரு பிடிமானம் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா குழாய்த் துண்டு ஒன்றை அறுத்து, உள்ளே சைக்கிள் ட்யூப் ஒட்டி, மூன்று நாள் உரசி உரசிச் செய்துகொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. படிப்புக்கு என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா அணுக்களின் படமாக அனுப்பிக்கொண்டே இருந்தாள், நான் பார்த்துக்கூடப் பார்க்காமல் பெருவிரலை உயர்த்தும் அடையாளத்தை அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

*

அம்மா போன பத்தாம் நாள், அவளுடைய நல்ல படம் ஒன்று வேண்டும் என்று அப்பா கேட்டார். லேப்டாப்பைத் திறந்தேன்.

திரை கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஓர் எழுத்து என் கட்டைவிரல் அளவு இருந்தது. திரையில் மூன்று வரிகள்தான் அடங்கின. ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்தபோது அப்படி இல்லை. நான் வருவதற்கு முன் சிறிதாக்கி வைத்திருக்கிறாள்.

புரோகிராமின் எல்லாப் பதிப்புகளையும் தேதியிட்டுச் சேமித்திருந்தாள். நாற்பத்து மூன்று. நான் சொல்லிக்கொடுத்த பழக்கம். பழையதை அழிக்காதே, புதிதாகச் சேமி. பழையதிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது என்று ஓர் எண். முதல் பதிப்பில் இரண்டு. நாலு மாதத்தில் மூன்று. பிறகு நாலு. பிறகு ஆறு. நிற வேறுபாட்டைக் கூட்டும் எண்ணும் கூடவே ஏறியது. முப்பதாவது பதிப்பில் அது எட்டிய அளவில் படத்தில் சாம்பலே இல்லை, கறுப்பும் வெள்ளையும்தான். முப்பத்தாறாவது பதிப்பில் படத்தைத் திரையில் காட்டும் வரியையே நீக்கியிருந்தாள். அதற்குப் பதில் எண்ணிக்கையைக் குரலில் சொல்லும் வரி. ஓட்டினேன். மெஷின் பெண்குரலில் "ஐந்து" என்றது.

என் வேலையே எண்களைப் பார்த்து எங்கே என்ன கெட்டுப்போனது என்று சொல்வதுதான். அந்த நாற்பத்து மூன்று கோப்புகளை வாசிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதல் ஐந்து நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. மீதி நேரம், வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன்.

கட்ட நோட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. பக்க அடையாளமாகக் கண் மருத்துவரின் அட்டை. பத்தொன்பது மாதத்துக்கு முந்தைய தேதி. இணையப் பாடத்தில் சேர்ந்தது அதற்கு அடுத்த வாரம். அட்டையை அப்பாவிடம் காட்டி, என்ன என்று விளக்கினேன். நடுவில் தெரியாது அப்பா, சுற்றித்தான் தெரியும், ஒருத்தர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும் என்றேன்.

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்காது.

"ஒரு வருஷமா உங்கம்மா என்னை நேராப் பாக்கல பாப்பா" என்றார். "பேசும்போதெல்லாம் என் காதுக்கு அந்தப் பக்கம் பாத்துப் பேசுவா. கோவம்னு நெனச்சேன். என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். கேக்கப் பயமா இருந்துச்சு."

அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்ப கோவம் இல்லையா?" என்றார்.

"இல்லப்பா."

அவர் அந்தக் குழாய்ப் பிடிமானத்தைக் கேட்டார். அது வேலையிடத்தில் இருக்கும், கொண்டுவருகிறேன் என்றேன்.

*

நோட்டின் பிற்பாதி முழுக்க மூன்று பத்திகள். தலைப்பு: கண், புரோகிராம், பத்து மணி. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு வரி. முதல் மாதங்களில் மூன்று பத்தியிலும் எண்கள் இருந்தன, ஒன்றிரண்டு வித்தியாசத்தில். பிறகு 'கண்' பத்தியில் கேள்விக்குறிகள் வந்தன. கடைசி மூன்று மாதம் அந்தப் பத்தியில் வெறும் கோடு. எழுத்தும் மாறிக்கொண்டே வந்தது. வரிகள் ஏறி இறங்கின. சில இடங்களில் ஓர் எண்ணின் மேலேயே அடுத்த எண்ணை எழுதியிருந்தாள். முதலாவது எழுதிய இடம் அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியாக நாலு பக்கம். நான் பஸ் ஏறிய பிறகு, திங்கள் முதல் வியாழன் வரை எழுதியவை. பழைய படங்கள் இருநூற்றுப் பன்னிரண்டையும் திருத்திய புரோகிராமில் மறுபடி ஓட்டியிருக்கிறாள். பழைய எண், புதிய எண். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் கூடியிருந்தது. பெரிய வித்தியாசம் எதையும் பத்து மணியின் சீட்டு முன்பே பிடித்திருந்தது. ஒரே ஒரு வரியைச் சுற்றி வட்டம். வட்டம் பக்கத்து வரியிலும் பாதி ஏறியிருந்தது.

பழையது ஆறு. புதியது பதினாலு. 'பத்து மணி' பத்தியில்: லீவு.

நோட்டோடு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். பத்து மணிக்குத்தான் போனேன். அவர் அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார். நோட்டைப் பார்த்ததும், இது எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்பது அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு முன்பே தெரியுமாம். ஸ்லைடின் மேல் வைக்க வேண்டிய எண்ணெய்த் துளியை அம்மா மேசையில் வைத்ததைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு சந்தேகமான ஸ்லைடு வரும்போதெல்லாம் "டீ குடிச்சிட்டு வரேன், இதைக் கொஞ்சம் பாத்து வைங்க" என்று எழுந்து போவாளாம்.

"ஒரு நாளைக்கு ஒன்பது டீ" என்றார். "உங்கம்மா அவ்வளவு டீ குடிக்கிற ஆளாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சொன்னா எழுப்பி விட்டுடுவாங்கன்னு அவங்களுக்குப் பயம். சொல்லாம இருக்கோமேன்னு எனக்குப் பயம். ரெண்டு பேரும் பயந்து பயந்து ஒழுங்காத்தான் எண்ணினோம். எங்க அண்ணனுக்கு ஆபரேஷன்னு நான் ஒரு வாரம் போனேன் பாருங்க, அந்த வாரம்தான்."

அந்த வாரம் இரண்டாவது சீட்டு போட ஆள் இல்லை. முகாம் ஸ்லைடுகளுக்கு அம்மாவின் சீட்டே போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வருட அனுபவம். ஆறு என்றால் ஏதோ சின்னத் தொற்று. காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள் என்று ரிப்போர்ட் போய்விட்டது. பதினாலு என்பது வேறு, ரத்தத்திலேயே பெரிய கோளாறு இருக்கலாம். அணுக்கள் நெருக்கியடித்து நின்றதால்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. நிறைய இருந்ததால்தான் புரோகிராம் குறைவாக எண்ணியது.

பத்து மணி அந்த ஸ்லைடைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கையிலிருந்த கருவி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கீழே பல் துளைப்பது சற்று நின்றிருந்தது. இருபது நிமிடம் ஆயிற்று.

"அம்மா சொன்னது சரி" என்றார். "பதினாலு, பதினஞ்சு. புதுசா ரத்தம் எடுத்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

டாக்டரிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொன்னார், லீவு உட்பட, எண்ணெய்த் துளி உட்பட. வெளியே வந்தபோது அவர் கையில் திருத்திய ரிப்போர்ட் இருந்தது.

இனி ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பஸ் டிப்போவில் நடந்த முகாம் அது. பதிவேட்டை எழுதியது அம்மா. அந்த ஆளின் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. வெல்டர், வயது முப்பத்து நாலு. போன் எண்ணில் முதல் எட்டு இலக்கம் தெளிவாக இருந்தது. கடைசி இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று.

படமெடுத்துப் பெரிதாக்கினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். ஒரே பேனா, ஒரே மை, ஒரே கறுப்பு. பிரிப்பதற்கு எந்த எல்லை எண்ணும் அங்கே இல்லை. ஒரு நாலும் ஓர் ஒன்பதும் என்பது வரை தெரிந்தது. எது முதலில் என்பது தெரியவில்லை. நாற்பத்தொன்பதில் முடியும் எண் உபயோகத்தில் இல்லை என்றது. தொண்ணூற்று நாலு மணியடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பரிசோதனைக் கூடத்திலிருந்து நாலு தடவை, பஸ்ஸில் இரண்டு தடவை, வீட்டுக்கு வந்து ஒரு தடவை அழைத்தேன்.

நான் ஏழாவது தடவை போனைக் காதில் வைத்திருந்தபோது அப்பா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"பின்னாடி என்னமோ எழுதியிருக்காளே, பாத்தியா?"

பார்க்கவில்லை. கட்டங்களையெல்லாம் மதிக்காமல், பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தில் இருந்தது. வியாழக்கிழமை தேதி. அப்பா சத்தமாகப் படித்தார், எழுத்துக்கூட்டி, பஸ் பலகையைப் படிப்பதுபோல.

"வெல்டர். டிப்போவுக்குப் பின்பக்கம், மூணாவது ஷெட், பச்சைக் கதவு. போனில் சொல்லக் கூடாது, பயந்துவிடுவார். நேரில் போய், மறுபடி ரத்தம் எடுக்கணும் என்று மட்டும் சொல்லணும், கூடவே கூட்டிவரணும். சனிக்கிழமை மத்தியானம் போகணும். அப்போது வெல்டிங் வெளிச்சம் இருக்காது."

நான் போனை அணைத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதினொன்றரைக்கு டிப்போவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். முதல் ஷெட்டில் டயர்கள் அடுக்கியிருந்தன. இரண்டாவது பூட்டியிருந்தது. மூன்றாவதின் பச்சைக் கதவு ஒரு ஆள் நுழையும் அளவு திறந்திருந்தது. உள்ளே நீல வெளிச்சம் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. நேராகப் பார்க்க முடியவில்லை. முகத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்தபோது, முகமூடி போட்ட ஒருவர் குந்தியிருப்பது ஓரத்தில் தெரிந்தது.

அவர் கையிலுள்ள வேலை முடியட்டும் என்று வாசலில் நின்றேன்.